சாளர விளிம்பில் வெட்டுப்படும் எழுத்து

பொன்மலை என்று எழுதியிருந்த இடத்தில் ஒரு மாலை நான் 'பொன்மல' என்று படித்தேன். என் மாணவர்கள் சிரித்தார்கள். சிரிப்பதற்குரிய விஷயந்தான். ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு மாணவி சொன்ன யோசனைதான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது. "ஐயா, எல்லாப் பேரையும் இங்கிலீஷ் எழுத்திலேயே போட்டுட்டா இந்தத் தொல்லையே இல்லை" என்றாள்.

முதுகலை மாணவர்களைக் கொண்டு மணப்பாறை, வையம்பட்டி, மருங்காபுரி, துவரங்குறிச்சிப் பக்கத்து ஊர்ப்பெயர்களைத் தொகுத்து வருகிறோம். ரா.பி. சேதுப்பிள்ளை 1946இல் 'தமிழகம் ஊரும் பேரும்' எழுதியபோது தொடாமல் விட்ட சிற்றூர்களும் குளங்களும் பாறைகளும் எங்கள் பட்டியலில் உண்டு. எங்களிடம் இருப்பவை பிறர் கழித்துப்போட்ட பழைய கணிப்பொறிகள். வண்ணப் படங்களும் சாளரங்களுமாக இயங்கும் மென்பொருள் எதையும் அவை தாங்கா. ஆகவே ஸ்ரீரங்கத்தில் இருக்கும் நண்பர் ஒருவர் வெறும் எழுத்துத் திரையில், அதாவது டெர்மினலில், ஓடும்படி ஓர் அடைவு நிரலை எழுதித் தந்தார். அடியில் ஊர்ப்பெயர்களின் வரிசை. ஒரு பெயரைத் தேர்ந்தால் அதன்மேல் ஒரு சிறு சாளரம் எழுந்து பெயர்க்காரணம் சொல்லும். அதன்மேல் இன்னொன்று எழுந்து மாற்று வடிவங்களைக் காட்டும். மூடினால் ஒவ்வொன்றாக விலகி அடியில் இருந்தது அப்படியே திரும்பும். மூலத்தின்மேல் உரை, உரையின்மேல் குறிப்பு என்று வாசித்துப் பழகிய எங்களுக்கு இது இயல்பான ஏற்பாடாகவே பட்டது.

எழுத்துத் திரையில் இந்த அடுக்கு எப்படி நிகழ்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதில் ஓர் அழகு இருக்கிறது. டெர்மினல் என்பது கட்டம்போட்ட நோட்டுப் புத்தகம். 1978இல் வந்த விடி100 முனையத்தின் வழக்கப்படி 24 வரி, வரிக்கு 80 கட்டம். கட்டத்துக்கு ஓர் எழுத்து. அந்தத் திரைக்கு அடுக்கு என்ற ஒன்று தெரியாது. கடைசியாக எதை எழுதினோமோ அதுதான் அங்கே இருக்கும். 1980ஐ ஒட்டி பெர்க்லியில் கென் ஆர்னால்டு எழுதிய 'கர்சஸ்' என்னும் நிரல் நூலகம், இப்போது திரையில் உள்ளது என்ன, இனி இருக்கவேண்டியது என்ன என்று இரண்டு படிகளை நினைவில் வைத்துக்கொண்டு, வேறுபடும் கட்டங்களை மட்டுமே அனுப்பியது. தொலைபேசிக் கம்பி வழியே ஊர்ந்துவந்த எழுத்துகளின் காலத்துச் சிக்கனம் அது.

ஆனால் ஒன்றன்மேல் ஒன்று படியும் சாளரங்களை அந்த நூலகம் கவனித்துக்கொள்ளவில்லை. எது மேலே எது கீழே என்பதை நிரல் எழுதுபவரே நினைவில் வைத்து, சரியான வரிசையில் மறுபடி வரைய வேண்டும். வரிசை தப்பினால் மூடிய சாளரத்தின் எச்சங்கள் திரையில் தங்கிவிடும். இந்தச் சுமையை இறக்கிவைக்க ஏடி அண்டு டி நிறுவனத்தின் யுனிக்ஸ் சிஸ்டம் ஐந்தில் 'பேனல்' என்னும் துணை நூலகம் வந்தது. அது இல்லாத கணினிகளுக்காக வாரன் டக்கர் என்பவர் தனியே ஒன்றை எழுதினார். இன்று லினக்சில் 'என்கர்சஸ்' உடன் வருவது அதன் வழிவந்ததே. அதில் ஒவ்வொரு சாளரமும் ஓர் ஏடு. ஏடுகள் ஒரு கட்டாக வரிசைப்பட்டிருக்கும். ஓர் ஏட்டை மேலே கொண்டுவரலாம், அடியில் தள்ளலாம், கட்டிலிருந்து உருவி ஒளித்துவைக்கலாம். மறைந்தது அழிவதில்லை. அடியிலுள்ள ஏடு தன் எழுத்து முழுவதையும் தானே வைத்திருக்கிறது. மேலுள்ளது விலகியதும் நூலகம் கட்டத்துக்குக் கட்டம் கணக்கிட்டு அதை மீட்டுத் தருகிறது. சுவடிக்கட்டைக் கையாண்டவர்களுக்கு இது புரியாத செய்தியன்று.

வம்பு அந்தக் கட்டத்தில் இருக்கிறது.

ஆங்கிலத்துக்கு ஒரு கட்டம் ஓர் எழுத்து. மேல்சாளரத்தின் விளிம்பு ஒரு சொல்லின் நடுவே விழுந்தால் சொல் அறுபடும், எழுத்து அறுபடாது. யூனிகோடில் தமிழ் உயிர்மெய் இரண்டு குறிகளாகச் சேமிக்கப்படுகிறது: மெய்க்குரிய அகர வடிவம் ஒன்று, உயிர்க்குறி ஒன்று. ஒரு குறி எத்தனை கட்டம் பிடிக்கும் என்பதைக் கணிக்கக் கேம்பிரிட்ஜின் மார்க்கஸ் குன் எழுதிப் பொதுவில் வைத்த சிறு நிரலைப் பல டெர்மினல்கள் தழுவின. அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. யூனிகோடு அட்டவணை வகுத்தபடிதான் அவர் எண்ணினார். எழுத்தின் மேலோ கீழோ ஒட்டி நிற்கும் குறிக்குக் கட்டம் கிடையாது. பக்கத்தில் இடம்பிடிக்கும் குறிக்கு ஒரு கட்டம். புள்ளி முதல் வகை. ஈகாரக் குறியும் தலைமேல் சுழித்து நிற்பதாகக் கருதப்பட்டதால் முதல் வகையாயிற்று. துணைக்காலும் இகரக் குறியும் உகர ஊகாரக் குறிகளும் கொம்புகளும் ஐகாரமும் இரண்டாம் வகை.

விளைவைப் பாருங்கள். 'கி' இரண்டு கட்டம், 'கீ' ஒரு கட்டம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லிவருகிற எனக்கு இதைக் கேட்டபோது கோபம் வரவில்லை. தொல்காப்பியரைத் தலைகீழாகப் பிடித்துப் படித்தவர்கள்போல் இருந்தது. 'கொ'வுக்கு மூன்று உருக்கள் தேவை, கிடைப்பதோ இரண்டு கட்டம். மணப்பாறை எழுத்தெண்ணிக்கையில் ஐந்து, கட்டக்கணக்கில் ஏழு. திருச்சிராப்பள்ளி எழுத்தில் ஒன்பது, கட்டத்தில் பதினான்கு.

இனி பொன்மலைக்கு வருவோம். 'லை' இரண்டு கட்டங்களில் கிடக்கிறது: முதற்கட்டத்தில் ல, அடுத்ததில் ஐகாரக் குறி. மேல்சாளரத்தின் இடது விளிம்பு அந்த இரண்டுக்கும் நடுவே வந்து விழுந்தது. நூலகத்தைப் பொறுத்தவரை பிழை ஏதுமில்லை. ஒரு கட்டத்தை மறைத்தது, ஒன்றை விட்டது. திரையில் நின்றது 'பொன்மல'. வலது விளிம்பிலோ இதற்கு நேர்மாறு: எழுத்து மறைந்து, குறி மட்டும் வெளியே தொங்கும். தனித்த துணைக்கால் ஒன்று புள்ளிவட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். துறையூர் 'துற' ஆகிறது. முசிறி 'முசிற' ஆகிறது. மலைக்கோட்டை எப்படியாகும் என்பதை எழுதாமல் விடுகிறேன்.

இது ஏன் இத்தனை காலம் பேசப்படவில்லை என்று நண்பரைக் கேட்டேன். புதிய நிரலோ டெர்மினலோ வந்ததும் தமிழ் தெரிகிறதா என்று சோதிப்பவர்கள் பெரும்பாலும் 'வணக்கம்' என்றுதான் எழுதிப் பார்ப்பார்கள் என்றார். வணக்கத்தில் அகர உயிர்மெய்யும் புள்ளியும் மட்டுமே. ஐந்து எழுத்து, ஐந்து கட்டம். எங்கே வெட்டினாலும் எழுத்து முழுதாய் நிற்கும். 'தமிழ்' என்று எழுதிப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். மூன்று எழுத்து, நான்கு கட்டம்.

இதற்கு முந்தைய காலம் பொற்காலம் என்று யாரும் எண்ண வேண்டாம். 1980களில் ஆதமியும் முரசும் வந்தபோது ஒவ்வொன்றும் தன் வழியில் எழுத்தைத் தீட்டியது. சிடாக்கின் ஜிஸ்ட் அட்டை டாஸ் திரையில் இந்திய எழுத்துகளைக் கொண்டுவந்தது. பின்னர் வந்த திஸ்கி, உருவுக்கு ஓர் எண் என்று வைத்தது. அதிலும் கொம்பு ஒரு கட்டம், மெய் ஒரு கட்டம். வெட்டு விழுந்தே தீரும். 2010இல் கோவை செம்மொழி மாநாட்டின்போது தமிழக அரசு யூனிகோடுடன் சேர்த்து ஏற்ற டேஸ்16, உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் தந்தது. 'லை' ஒரே எண் என்றால் அதை நடுவில் அறுக்க முடியாது. இலக்கணக்காரனான எனக்கு அதன்மேல் ஓர் ஆசை இருந்ததை மறுக்கமாட்டேன். ஆனால் உலகம் ஒரு குறிமுறையில் எழுதும்போது நாம் மட்டும் இன்னொன்றில் எழுதினால் நம் சுவடிகளை நாமே பூட்டிவைத்ததாகும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்னூல்களை எழுத்துருவுக்கு எழுத்துரு, குறிமுறைக்குக் குறிமுறை மாற்றிமாற்றி யூனிகோடுக்குக் கொண்டுவந்த உழைப்பை நினைத்தால் அந்த ஆசை அடங்கிவிடுகிறது.

யூனிகோடும் இதை அறியாததன்று. ஒரு வாசகர் 'ஓர் எழுத்து' என்று கருதுவது எது என்பதை வரையறுக்கும் தனி இணைப்பே அதில் உண்டு. அதன்படி மெய்யும் உயிர்க்குறியும் பிரிக்கலாகாத ஓரலகு. ('ஸ்ரீ'யை அது இரண்டாகவே எண்ணுகிறது, ஸ்ரீரங்கத்து நண்பருக்கு அதில் வருத்தம்.) அந்த வரையறை ஒரு பக்கம், கட்டக்கணக்கு இன்னொரு பக்கம் என்று இரண்டும் பேசிக்கொள்ளாமல் இருப்பதுதான் சிக்கல். அண்மையில் சில நூலகங்கள் துணைக்காலையும் இகரக் குறியையும் கட்டமற்றவை என்று எண்ணத் தொடங்கியிருக்கின்றன. அதில் வேறொரு கேடு: நிரல் ஒரு கணக்கும் திரை ஒரு கணக்கும் வைத்திருந்தால் சாளரத்தின் ஓரக்கோடு வரிக்கு வரி வளைந்து நெளியும், மூடிய பின்னும் துண்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கும்.

சீன எழுத்து இரண்டு கட்டம் பிடிப்பது. அதில் ஒரு பாதியின்மேல் வேறொன்றை எழுதினால், மிஞ்சிய பாதியை வெற்றிடமாக்கிவிடும் நாகரிகம் இதே என்கர்சஸ் நூலகத்தில் இருக்கிறது. அரை எழுத்தைக் காட்டாதே என்று அவர்களுக்காக யாரோ சொல்லியிருக்கிறார்கள். நமக்காக அதைச் சொல்ல வேண்டியவர்கள் யார்? பொறியாளர்கள் என்று நான் நினைக்கவில்லை. 'கௌ'வுக்கு இரண்டு கட்டம் போதுமா, மூன்று வேண்டுமா என்பதை அவர்கள் முடிவுசெய்யட்டும். எழுத்து என்பது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது தமிழ்த்துறைகளின் பாடம். அதை வினாத்தாளுக்கு வெளியே எடுத்துச்செல்ல நாம் கூசுகிறோம்.

எதிர்வாதம் ஒன்றும் என்னிடமே இருக்கிறது. கல்வெட்டுகளில் வரி முடியுமிடத்தில் கொம்பு நின்றுவிட, மெய் அடுத்த வரியில் தொடங்குவதைக் காணலாம். முன்னோர் வெட்டவில்லையா என்று கேட்கலாம். வெட்டினார்கள், ஆனால் மறுபாதி அடுத்த வரியிலேயே கிடைத்தது. இங்கே மறுபாதி சாளரத்துக்கு அடியில் இருக்கிறது. படிப்பவனுக்கு ஒன்று குறைகிறது என்பதே தெரியாது, 'துற'வை முழுச்சொல்லாகவே கொள்வான். இன்னொன்று: இந்தக் காலத்தில் டெர்மினல் எவனுக்கு வேண்டும் என்பது. எங்கள் கழிவுக் கணினிகளை விட்டுவிடுங்கள். நிரல் எழுதக் கற்கிற பிள்ளை முதன்முதலில் அச்சிட்டுப் பார்ப்பது அந்தக் கறுப்புத் திரையில்தான். தமிழ் அங்கே உடைந்து தெரிந்தால், தமிழ் கணினிக்கு ஒவ்வாதது என்னும் முடிவோடுதான் அவன் வளர்வான்.

மாணவியின் யோசனையை ஏற்றிருந்தால் திரை ஒழுங்காக இருந்திருக்கும். ஆங்கில எழுத்தில் துறையும் துரையும் ஒன்று; பாறையும் பாரையும் ஒன்று. ஊர்ப்பெயர் ஆய்வில் அந்த றகரம் போனால் எஞ்சுவது தபால் முகவரிதான். மறுத்துவிட்டேன். அவளுக்கு அது உவப்பாக இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. வேலை தடைபட்டதும் உண்மை. இரண்டு வாரம் சாளரங்களை அடுக்காமல் பக்கம்பக்கமாக வைத்து ஓட்டினோம். எண்பது கட்டத்தில் மூன்று பத்திகள், மூச்சுமுட்டும் நெருக்கம்.

பிறகு நண்பர் ஒரு சிறு திருத்தம் செய்தார். மேல்சாளரம் எழும்முன், அதன் இரு விளிம்புகளிலும் வரிவரியாகப் பார்க்கிறது நிரல். விளிம்பு ஓர் எழுத்தை அறுக்குமானால் அந்த எழுத்து முழுவதையும் வெற்றிடமாக்கி, ஒரு சிறு புள்ளி வைத்து இங்கே மறைவு உண்டு என்று காட்டுகிறது. மூடும்போது அடி ஏட்டிலிருந்து எழுத்து முழுதாக வருகிறது. நாற்பது வரிக்கும் குறைவான நிரல். எங்கள் அடைவில் மட்டுமே இயங்குகிறது. நூலகத்துக்குள் போனால்தான் மற்றவர்களுக்கும் பயன்படும். அதற்கான விளக்கத்தை எழுத்தியல் பக்கத்திலிருந்து நான் எழுதித் தரவேண்டும் என்று கேட்டிருக்கிறார். எழுதிக்கொண்டிருக்கிறேன். உதாரணங்களைத் திரட்டித் தரும் பொறுப்பை அந்த மாணவி எடுத்துக்கொண்டிருக்கிறாள். நேற்றுவரை எழுபத்திரண்டு ஊர்கள் சேர்ந்திருக்கின்றன.