என் கையொப்பம் எங்கே?

1978 ஆம் ஆண்டின் நமது அரசியலமைப்பு, 12 ஆவது உறுப்புரையில் சட்டத்தின் முன் யாவரும் சமம் என்கிறது. 16 ஆவது உறுப்புரையோ, அதற்கு முன்பிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லுபடியாகும் என்கிறது. அவற்றுள் ஒன்றுதான் 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம். காவின் பதிவில் வலியின் கையொப்பத்தைக் கேட்கும் அச்சட்டம், மணமகளின் கையொப்பத்தைக் கேட்கவில்லை. பொதுத் திருமணச் சட்டத்தின் 18 வயது வரம்பும் நமக்குப் பொருந்தாது.

அதில் கை வைத்தால் நமது தனித்துவம் பறிபோகும் எனப் பெரியோர் அஞ்சுகின்றனர். சிறுபான்மையினருக்கு அந்த அச்சம் நியாயமானதே. ஆனால், தன் குரல் அரசுக்குக் கேட்க வேண்டும் என்று விரும்பும் சமூகம், தனக்குள் இருக்கும் பெண்ணின் குரலையும் கேட்க வேண்டாமா? பெண்ணிடம் சம்மதம் கேட்கச் சொல்வது நமது மார்க்கம். அந்தச் சம்மதத்தை எழுத்தில் கேட்பது எப்படி மார்க்கத்துக்கு முரணாகும்? சமூகமே முன்வந்து திருத்தத்தைக் கேட்டால், அது அரசின் திணிப்பாகாது.

பதினேழு வயதில், உயர்தரப் பரீட்சை விண்ணப்பத்தில் நானே கையொப்பமிடுகிறேன். வாழ்நாள் ஒப்பந்தத்துக்கு மட்டும் அது வேண்டாமா? பெற்றோர்களே, காவின் பதிவில் வலியின் கையொப்பத்துக்குப் பக்கத்தில் எங்கள் கையொப்பத்துக்கும் இடம் கேளுங்கள்.