பலகைக்கும் ஊருண்டு, பேருண்டு

எந்தப் பொருளை வாங்கினாலும் "எந்த ஊர்ச் சரக்கு?" என்று கேட்பது நம் வீட்டுப் பெரியவர்களின் வழக்கம். மணப்பாறை முறுக்கு, திண்டுக்கல் பூட்டு, காஞ்சிபுரம் பட்டு என்று ஊரின் பெயரே பொருளுக்கு நற்சான்று ஆகிவிடுகின்றது. ஆனால் நாம் அமரும் பெஞ்சும், எழுதும் மேசையும், தலைக்கு மேல் கூரையைத் தாங்கும் சட்டமும் எந்தக் காட்டில் வளர்ந்த மரம் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கின்றோம்?

நாங்களும் கேட்டதில்லை. கேட்க வைத்தது ஒரு கள்ளிப்பெட்டி.

எங்கள் ஆய்வுக்கூடத்திற்கு வெளிநாட்டுக் கருவி ஒன்று பெரிய மரப்பெட்டியில் வந்து இறங்கியது. கருவி உள்ளே சென்றது. பெட்டி முற்றத்து வேப்பமரத்தடியில் கிடந்தது. மூன்று மாதங்கள் அதன்மேல் அமர்ந்துதான் மதிய உணவை உண்டோம். பின்னர் ஒருநாள், அதை உடைத்து விடுதிச் சமையற்கட்டுக்கு விறகாக்கலாம் என்று முடிவாயிற்று. பெஞ்சு பழுதுபார்க்க வந்திருந்த ஆசாரியிடம் சகோதரி அவ்வேலையைக் கொடுத்தார். அவர் பெட்டியைச் சுற்றி வந்து, ஒரு மூலையைத் தட்டிக் காட்டினார்.

"இந்த முத்திரையைப் பாருங்க சிஸ்டர். எம்.பி.ன்னு போட்டிருக்கு. இது மருந்துப் புகை போட்ட மரம். அடுப்புக்கு வேண்டாம். துறைமுகத்துப் பக்கம் பெட்டி பிரிக்கிற வேலை பார்த்தவன் நான், எனக்குத் தெரியும்."

எங்களுக்கு வெட்கமாகப் போயிற்று. பள்ளியில் படிக்கும் எங்கள் கண்ணில் மூன்று மாதங்களாகப் படாத எழுத்து, பள்ளிப் படிப்பை ஐந்தாம் வகுப்போடு நிறுத்திய அவர் கண்ணில் உடனே பட்டுவிட்டது. அன்றுமுதல் மரத்தின்மேல் இடப்படும் குறிகளைப் பற்றித் தேடித் தேடிப் படித்தோம். அதிலிருந்து நாங்கள் கொண்ட கருத்தையே இங்கு எழுதுகின்றோம்.

முத்திரை சொல்லும் கதை

அப்பெட்டியில் இருந்தது உலக நாடுகள் பலவும் ஏற்றுக்கொண்ட ஒரு முத்திரை. இடப்பக்கம் ஒரு கோதுமைக் கதிர். அதனருகே நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள். நம் நாட்டுக்கு ஐ.என். அடுத்து, அம்மரத்தைப் பக்குவப்படுத்தியவருக்கு அளிக்கப்பட்ட எண். இறுதியில், எவ்வாறு பக்குவப்படுத்தினார்கள் என்னும் குறி. எச்.டி. என்றால் வெப்பமூட்டியது, அதாவது மரத்தின் உட்பகுதி வரையில் 56 பாகை வெப்பம் 30 நிமிடங்கள் நிலைத்திருக்க வேண்டும். எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு என்னும் நச்சுவாயுவினால் புகையூட்டியது. ஓசோன் படலத்தைக் கெடுக்கும் வாயுக்களுள் அதுவும் ஒன்று.

இத்தனை ஏற்பாடும் எதற்காக? வண்டு போன்ற மரப்பூச்சிகளுக்காக! சீனத்தையும் கொரியாவையும் தாயகமாகக் கொண்ட நீள்கொம்பு வண்டு, 1996-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதி மரங்களில் கண்டுபிடிக்கப்பட்டது. சரக்குப் பெட்டிகளின் மரத்துக்குள் புழுவாக ஒளிந்து கடல் கடந்து வந்தது அது என்று அறிஞர்கள் கண்டனர். 2008-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து உஸ்டர் நகரில் அது தோன்றியபோது, அதைத் தடுக்க முப்பதாயிரத்திற்கும் மேற்பட்ட மரங்களை வெட்டி அழிக்க நேர்ந்தது. நிழல் தந்த தெருக்கள் வெட்டவெளியாயின. இத்தகைய கேட்டைத் தவிர்க்கவே, 2002-இல் பன்னாட்டுத் தாவரப் பாதுகாப்பு அமைப்பு இம்முத்திரை முறையை வகுத்தது. உள்ளங்கையளவு முத்திரை ஓர் ஊரின் தோப்பையே காக்கின்றது என்றால் அது மிகையாகாது.

அரசனின் அம்பும் ஆற்றில் மிதந்த தடிகளும்

மரத்துக்குக் குறியிடுவது புதிய பழக்கமன்று. அமெரிக்கா ஆங்கிலேயருக்கு அடிமைப்பட்டிருந்த காலத்தில், 1691-ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் பட்டயத்தின்படி, 24 அங்குலமும் அதற்கு மேலும் விட்டமுள்ள மரங்கள் அரசனுக்கே உரியவை என விதிக்கப்பட்டது. கப்பற்படையின் பாய்மரத் தூண்களுக்கு ஏற்ற வெள்ளைப் பைன் மரங்களின்மேல் கோடரியால் மூன்று வெட்டு வெட்டி அம்புக்குறி இட்டார்கள். தம் நிலத்து மரத்தைத் தாமே வெட்டக்கூடாதா என்று மக்கள் கொதித்தனர். 1772-இல் நியூ ஹாம்ப்ஷயரின் வியர் என்னும் ஊரில் அரசின் அதிகாரிகளையே அடித்துத் துரத்தினர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிச்சிகன், விஸ்கான்சின் போன்ற மாநிலங்களில் வெட்டிய தடிகளை ஆற்றில் மிதக்கவிட்டார்கள். பலருடைய தடிகளும் ஒரே ஆற்றில் கலந்து வரும். ஆகையால் ஒவ்வொருவரும் தமக்கெனப் பதிவு செய்த ஓர் அடையாளத்தைச் சுத்தியலால் தடியின் முனையில் பதித்தனர். கீழே அணைக்கட்டிய இடத்தில் அக்குறியைப் பார்த்து அவரவர் தடியைப் பிரித்துக் கொடுத்தனர். நம் நாட்டிலும் வனத்துறையினர் சுத்தியல் முத்திரை இடுகின்றனர். 1927-ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம், மரத்தின்மேல் பொய்க்குறி இடுவோருக்கும் உள்ள குறியை அழிப்போருக்கும் இரண்டாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கின்றது.

இவையெல்லாம் "இது யாருடையது?" என்னும் கேள்விக்கே விடை கூறின. "இது எத்தகையது? யார் இதற்குப் பொறுப்பு?" என்னும் கேள்விகள் பின்னரே எழுந்தன.

இயந்திரம் எழுதும் குறி

இன்றைய பெரிய மர அறுவை ஆலைகளில் தடி உள்ளே நுழைந்ததும் ஒளிக்கதிர்கள் அதன் வளைவையும் பருமனையும் அளக்கின்றன. எப்படி அறுத்தால் சேதம் குறையும் என்று கணிப்பொறி கணக்கிடுகின்றது. அறுத்த பலகைகள் உலர்த்தும் சூளைக்குச் சென்று, பின் இழைக்கும் இயந்திரத்திற்கு வருகின்றன. முன்னாளில் இவ்விடத்தில்தான் தரம் பார்க்கும் ஊழியர் நின்றார். ஓடிவரும் பலகையைப் புரட்டி, கணு, வெடிப்பு, வளைவு ஆகியவற்றை ஓரிரு நொடிகளில் பார்த்து, வண்ணக் கட்டியால் ஒரு குறி கிழித்தார். அக்குறியை ஒளிப்படக் கருவி படித்து, பலகையைத் துண்டிக்கவும் பிரிக்கவும் இயந்திரங்களுக்கு ஆணையிட்டது. சில ஆலைகளில் அவர் கிழித்தது புற ஊதா ஒளியில் மட்டுமே மின்னும் குறி.

இப்பொழுதோ பல ஆலைகளில் அவருடைய கண்ணின் வேலையை ஒளிப்படக் கருவிகளும் எக்ஸ் கதிர்களும் செய்கின்றன. நிமிடத்திற்கு நூறு பலகைகளுக்கும் மேல் ஓடும்போதே, மை தெளிக்கும் கருவி ஒவ்வொன்றின் மீதும் அதற்குரிய குறியை எழுதிவிடுகின்றது. வட அமெரிக்காவில் வீடு கட்டும் பலகையில் ஐந்து செய்திகளைக் காணலாம்: தரத்திற்குச் சான்றளிக்கும் நிறுவனத்தின் சின்னம், ஆலையின் எண், மரத்தின் இனம், தரம், ஈரப்பதம். உலர்ந்தது என்று குறிக்கப்பட்ட பலகையில் ஈரம் 19 விழுக்காட்டுக்கு மேல் இருக்கலாகாது. ஈரமரத்தைக் கூரைக்குப் போட்டால் அது உலரும்போது சுருங்கும், முறுக்கிக்கொள்ளும். பிறகு ஆணி தளரும். ஆகவே அக்குறி வெறும் எழுத்தன்று. அக்கூரையின் கீழே உறங்கும் குழந்தைக்குக் கொடுத்த வாக்கு.

குறியில்லாத ஏணி

"தேர்ந்த தச்சரின் கண்ணுக்கு முன் இந்தக் குறியெல்லாம் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். தச்சரின் கண்ணை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை; எங்களுக்கு வழிகாட்டியதே ஓர் ஆசாரியின் கண்தான். ஆயினும் ஒரு பலகை எங்கிருந்து வந்தது என்பதைக் கண்ணால் மட்டும் அறிவது எத்தனை அரிது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு.

1932-இல், விமானி சார்லஸ் லிண்ட்பர்க்கின் குழந்தை கடத்திச் செல்லப்பட்டுக் கொலையுண்டது. கடத்தியவன் விட்டுச் சென்றது கையால் செய்த ஒரு மர ஏணி. அமெரிக்க அரசின் வனப்பொருள் ஆய்வகத்தைச் சேர்ந்த ஆர்தர் கோலர் என்னும் மர அறிஞர் அதை ஆராய்ந்தார். பலகைகளில் இழைக்கும் இயந்திரத்தின் கத்திகள் விட்ட நுண்ணிய வரிகளை எண்ணினார். அத்தகைய வரி விடும் இயந்திரம் உள்ளதா என்று ஆயிரத்திற்கும் மேற்பட்ட ஆலைகளுக்குக் கடிதம் எழுதி விசாரித்தார். பல மாத உழைப்பிற்குப் பின், அப்பலகைகள் தென் கரோலினாவின் மெக்கார்மிக் என்னும் ஊரில் இழைக்கப்பட்டு, நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி மரக்கடை ஒன்றுக்கு வந்தவை எனக் கண்டுபிடித்தார். 1935-இல் நடந்த வழக்கில் அவருடைய சாட்சியம் முக்கிய இடம் பெற்றது.

அவருடைய பொறுமை போற்றத்தக்கது. ஆனால் எண்ணிப் பாருங்கள்: அப்பலகையின் மீது ஆலையின் பெயர் ஒரு வரி எழுதப்பட்டிருந்தால், ஆயிரம் கடிதங்கள் தேவைப்பட்டிருக்குமா?

எங்கள் கருத்து

குறியிடுதல் நன்று. இயந்திரம் அதைத் தவறாமல் செய்வதும் நன்று. ஆயினும் மூன்று குறைகளைச் சொல்லாமலிருக்க முடியவில்லை.

முதலாவது, குறி ஆலையோடு நின்றுவிடக் கூடாது. காடு வரையில் செல்ல வேண்டும். ஆலையின் எண் தெரிந்தாலும், மரம் முறையாக வெட்டப்பட்டதா, களவாடப்பட்டதா என்று அது சொல்வதில்லை. உலகம் இதை உணரத் தொடங்கியுள்ளது. இறக்குமதியாகும் மரத்தின் இனப்பெயரையும் அது வெட்டப்பட்ட நாட்டையும் அறிவிக்க வேண்டுமென்று அமெரிக்கா 2008-இல் தன் சட்டத்தைத் திருத்தியது. மரம் வளர்ந்த நிலத்தின் இருப்பிடத்தையே கேட்கும் சட்டத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றியது. பலகைக்குப் பலகை குறி எழுத இயந்திரத்தால் முடியுமெனில், காட்டின் பெயரையும் சேர்த்து எழுதுவது முடியாத செயலன்று.

இரண்டாவது, பலகையை அறுத்தால் குறி போய்விடுகின்றது; இழைத்தால் சீவலோடு சுருண்டு விழுகின்றது. கடைசியாக வாங்கும் நமக்கு வழுவழுப்பான மேசைதான் கிடைக்கின்றது, அதன் வரலாறு கிடைப்பதில்லை. இதற்குப் பெரிய இயந்திரம் வேண்டியதில்லை. மரக்கடைக்காரர் பலகையில் உள்ள குறியைப் பற்றுச்சீட்டில் எழுதித் தந்தாலே போதும். கேட்பவர் இருந்தால் எழுதுபவரும் இருப்பார்.

மூன்றாவதே முதன்மையானது. இயந்திரம் பொய் சொல்லாது என்பார்கள். மெய்தான்; ஆனால் அது மெய்யும் சொல்லாது. எழுதச் சொன்னதை எழுதும், அவ்வளவே. வெப்பமூட்டாத பெட்டிக்கு எச்.டி. என்று எழுதச் சொன்னால் அதே வேகத்தில், அதே அழகில் எழுதிவிடும். ஆகையால்தான் தரச்சான்று நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஆலைக்கு நேரில் சென்று பலகைகளை மீண்டும் சோதிக்கின்றனர். வண்ணக் கட்டி பிடித்த ஊழியரின் வேலை குறைந்திருக்கலாம். நேர்மையான மனிதரின் தேவை குறையவில்லை. ஆலை முதலாளிகள் அவரை வெளியே அனுப்பாமல், இயந்திரத்தைச் சரிபார்க்கும் இடத்தில் அமர்த்த வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். கணுவின் குணம் அறிந்தவருக்கன்றோ இயந்திரத்தின் பிழை தெரியும்!

பெற்றோர்களே! கள்ளிப்பெட்டிப் பலகையில் செய்த மலிவான கட்டிலோ தொட்டிலோ வாங்குமுன் அதன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். எம்.பி. என்றிருந்தாலும், குறியே இல்லாமல் கறையும் வாடையும் இருந்தாலும், அதை வீட்டுக்குள்ளும் அடுப்புக்குள்ளும் கொண்டுவராதீர்கள். கையால் கிறுக்கிய முத்திரையை நம்பாதீர்கள். கையால் வரைந்த குறி செல்லாது என்பதே விதி.

அன்புத் தோழியரே! எங்கள் பள்ளியின் கள்ளிப்பெட்டி விறகாகவில்லை. ஆசாரியின் சொற்படி முத்திரையிட்ட அந்த ஒரு பலகையை மட்டும் ஆய்வுக்கூடத்திற்கு வெளியே, தாழ்வாரச் சுவரில் மாட்டி வைத்திருக்கின்றோம். அதன் கீழே தமிழில் ஒவ்வோர் எழுத்துக்கும் பொருள் எழுதியிருக்கின்றோம். அவ்வழியே செல்லும்போது ஒரு நிமிடம் நின்று படியுங்கள். வெட்டுண்டு, அறுபட்டு, கடல் கடந்து வந்த ஒரு மரத்துண்டு, தான் எந்த நாட்டில் பக்குவப்படுத்தப்பட்டது, தனக்கு யார் பொறுப்பு, தன்னிடம் என்ன ஆபத்து உள்ளது என்று ஒளிக்காமல் சொல்கின்றது. நாம் செய்யும் வேலையின் மீதும் நம் பெயரை அவ்வாறு துணிந்து எழுத முடியுமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்.