வித்த பிறகு வந்து வழக்குப் போடு என்கிற சட்டம்

ஏற்காட்டுப் பக்கம் இடம் வாங்க வருகிற பட்டணத்து நண்பர்கள் கேட்கிற கேள்விகள் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். தண்ணி இருக்கா, ரோடு போகுமா, காட்டெருமை வருமா. கடைசியில் இது: "பட்டா பெரியவர் பேர்ல இருக்குங்க. குடும்பத் தலைவர்ங்கிறதால அவர் ஒருத்தர் கையெழுத்துப் போட்டா போதும்னு வக்கீல் சொல்லிட்டாரு. சரிதானுங்களே?"

சரிதானுங்க. உங்க வக்கீல் சட்டத்தைச் சரியாத்தான் சொல்லியிருக்கார். அந்தச் சட்டம்தான் தப்பு. இன்னைக்கு அதைப் பத்தி எழுதறேன்.

இந்துக் கூட்டுக்குடும்பத்தில் மூத்த ஆம்பளைக்கு 'கர்த்தா'ன்னு பேர். பங்காளிகள் எத்தனை பேர் இருந்தாலும், குடும்ப அவசியத்துக்காகவோ சொத்தோட நன்மைக்காகவோ அவர் ஒருத்தரே பொதுச் சொத்தை விக்கலாம், அடமானம் வைக்கலாம். தம்பி கையெழுத்து வேண்டாம். பையன் கையெழுத்து வேண்டாம். மகள் கையெழுத்தைப் பத்திப் பேச்சே இல்லை. அவசியம் இல்லாம வித்துட்டார்னா? அப்போ பாதிக்கப்பட்டவன் கோர்ட்டுக்குப் போய் அந்தக் கிரயத்தை ரத்து பண்ணச் சொல்லிக் கேக்கலாம். அதாவது, வித்த பிறகு.

நகரத்தில் இருக்கிறவங்களுக்கு இது பெரிசாத் தெரியாது. ஃபிளாட் வாங்கினா புருஷன் பொண்டாட்டி பேர்ல பத்திரம், அதோட முடிஞ்சுது. எங்க நாகலூர் மாதிரி ஊர்ல நிலம் எப்படி இருக்குன்னு சொன்னாத்தான் புரியும். பட்டா தாத்தா பேர்லயே இருக்கும், இல்லேன்னா கூட்டுப் பட்டா. அண்ணன் தம்பிங்க ஊர்ப் பெரியவங்க முன்னாடி வாய்ப் பேச்சாப் பாகம் பிரிச்சிருப்பாங்க: பாறைக்கு மேல உனக்கு, ஓடைக்குக் கீழ எனக்கு. பதிவு பண்ணின பாகப்பிரிவினைப் பத்திரம் இருக்காது. அவனவன் பங்குல அவனவன் காபி நட்டு, சில்வர் ஓக் வச்சு, அதுல மிளகுக் கொடி ஏத்தியிருப்பான். காபி காய்ப்புக்கு வர மூணு நாலு வருஷம் ஆகும். மிளகும் அப்படித்தான். அத்தனை வருஷ உழைப்பும் மண்ணுல நிக்குது, காகிதத்துல ஒண்ணுமில்லை. கோர்ட்டுக்குப் போனா, குடும்பம் கூட்டாத்தான் இருக்குன்னு சட்டம் முதல்ல அனுமானிச்சுக்கும். பாகம் பிரிஞ்சாச்சுன்னு சொல்றவன்தான் அதை நிரூபிக்கணும். சாட்சி சொல்ல வேண்டிய பெரியவங்க பாதிப் பேர் போய்ச் சேந்திருப்பாங்க.

இங்க மலையில் ஒரு குடும்பம். பேர் வேண்டாம். தம்பி திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்த்துக்கிட்டு, சீசனுக்கு மட்டும் வந்து மிளகு பறிச்சிட்டுப் போவான். ஒரு வருஷம் ஏணியைத் தூக்கிக்கிட்டுப் போனா அவன் பங்குல கல்லுக்கால் நட்டுக் கம்பி வேலி போட்டிருக்கு. உள்ள நின்ன வாட்ச்மேன், "யாருங்க நீங்க?"ன்னு கேட்டிருக்கான். அண்ணன் கிரயம் எழுதிக் கொடுத்து அஞ்சு மாசம் ஆகியிருந்தது. பத்திரத்தை நான் படிச்சேன். 'குடும்ப அவசியச் செலவுக்காகவும், முன் கடன்களை அடைப்பதற்காகவும்' வித்ததா எழுதியிருந்தது. என்ன கடன், யாருக்கு, எவ்வளவுன்னு ஒரு வரி இல்லை. இந்த வாசகத்தை அந்த அண்ணன் சொல்லவும் இல்லை. பத்திரம் எழுதுறவர் கம்ப்யூட்டர்ல ஏற்கெனவே இருக்கிறது அது. பேரையும் சர்வே நம்பரையும் மட்டும் மாத்துவாங்க.

நியாயத்துக்குச் சொல்லணும்னா, வாசகம் மட்டும் இருந்தா கோர்ட்டு ஒத்துக்காது. அவசியம் இருந்துச்சு, இல்லேன்னா நல்லெண்ணத்தோட விசாரிச்சுத்தான் வாங்கினேன்னு வாங்கினவர்தான் காட்டணும். சட்டம் அப்படித்தான் இருக்கு. ஆனா அந்த இடத்துக்கு வழக்கு வந்து சேரணுமே! தம்பி திருப்பூர்ல லீவு போட்டு, 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, சேலம் கோர்ட்டு வராந்தாவுல வாய்தாவுக்கு வாய்தா நிக்கணும். வேலிக்குள்ள இருக்கிறவருக்கு அவசரம் கிடையாது.

எவ்வளவு நாள் ஆகும்னு கேட்டீங்கன்னா, கேஹர் சிங் வழக்கைப் பாருங்க. பஞ்சாப்ல ஒரு அப்பா குடும்ப நிலத்தை 19,500 ரூபாய்க்கு வித்தார். 1964-ல் மகன் வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2018 ஆகஸ்டில். அப்பாவும் இல்லை, மகனும் இல்லை, வாரிசுங்கதான் மிச்சம். குடும்பத்துக்குக் கடன் இருந்துச்சு, அதனால வித்தது செல்லும்னு தீர்ப்பு. அதைச் சரி தப்புன்னு நான் சொல்ல வரலை. 54 வருஷம்! நட்ட சில்வர் ஓக்கை ரெண்டு தடவை வெட்டி வித்திருக்கலாம்.

சரி, வித்த பிறகு போனாத்தானே இந்தக் கஷ்டம், விக்கறதுக்கு முன்னாடியே தடை வாங்கிடலாமேன்னு தோணும். எனக்கும் தோணுச்சு. வக்கீல் நண்பர் ஒருத்தர் சிரிச்சிட்டு 1988-ல் வந்த சுனில் குமார் எதிர் ராம் பிரகாஷ் தீர்ப்பை எடுத்து விளக்கினார். அப்பா வீட்டை விக்க ஒப்பந்தம் போட்டார், மகன்கள் தடை உத்தரவு கேட்டாங்க. உச்ச நீதிமன்றம் முடியாதுன்னுடுச்சு. கர்த்தா விக்கறதைப் பங்காளி முன்கூட்டித் தடுக்க முடியாது. அப்படி விட்டா கர்த்தாவோட அதிகாரத்துக்கே அர்த்தம் இல்லாமப் போயிடுமாம். வித்த பிறகு வந்து கேட்டுக்கலாமாம். திருடன் வீட்டுக்குள்ள வரும்போது கதவைச் சாத்தாதே, போன பிறகு ஸ்டேஷனுக்கு வான்னு சொல்றதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? 2021 டிசம்பரில் கர்நாடக வழக்கு ஒண்ணுல, மகன் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடலைன்னாலும் கர்த்தா போட்டா அது குடும்பத்தையே கட்டுப்படுத்தும்னு மறுபடியும் சொல்லிட்டாங்க.

இது நம்ம முன்னோர் வழக்கம், சாஸ்திரம்னு ஒரு வாதம் வரும். அந்தச் சாஸ்திரத்தையே பார்த்துடலாம். இந்தச் சட்டத்துக்கு மூலம் மிதாட்சரம். சாளுக்கிய ராஜா ஆறாம் விக்கிரமாதித்தன் காலத்தில் விஞ்ஞானேசுவரர் எழுதின உரை, ஏறக்குறைய 900 வருஷத்துக்கு முந்தினது. ஆபத்து, குடும்பம், தர்மம், இந்த மூணு காரணத்துக்காக ஒருத்தரே விக்கலாம்னு அதுல இருக்கிறது நிஜம். ஆனா எப்போன்னும் அவரே விளக்குறார்: மத்த பங்காளிங்க மைனரா இருந்து சம்மதம் சொல்ல முடியாத நிலையில் இருக்கும்போது. விவரம் தெரிஞ்ச ஆளுங்க இருந்தா அவங்க சம்மதம் வேணும்னுதானே இதுக்கு அர்த்தம்? 1856-ல் லண்டன் பிரிவி கவுன்சில் அனுமன் பிரசாத் பாண்டே வழக்கில் வேற ஒரு அளவுகோல் வச்சாங்க. அது ஒரு மைனர் வாரிசோட சொத்தை அம்மா அடமானம் வச்ச வழக்கு. கடன் கொடுத்தவர் நல்லெண்ணத்தோட விசாரிச்சிருந்தாப் போதும், பணம் எங்க போச்சுன்னு பார்க்க வேண்டியதில்லைன்னு தீர்ப்பு. மைனர் சொத்துக்குச் சொன்ன அந்த வார்த்தையை அப்புறம் வந்த கோர்ட்டுங்க வளந்த பங்காளிங்க இருக்கிற குடும்பத்துக்கும் நீட்டிக்கிட்டே வந்தாங்க. ஆக சாஸ்திரம் போட்ட பூட்டைக் கோர்ட்டு கழட்டிடுச்சு, சாவியை மட்டும் பெரியவர் கையில் விட்டுடுச்சு.

எங்க கதையிலயும் ஒரு அண்ணன் தம்பி உண்டு. நாங்க மலையாளிகள், கேரளாக்காரங்க இல்லைங்க, மலையில் ஆளுறவங்கங்கிற அர்த்தத்துல. காஞ்சிபுரத்துல இருந்து மூணு அண்ணன் தம்பிங்க கிளம்பி வந்தாங்களாம். மூத்தவர் சேர்வராயன் மலையில் தங்கிட்டார், நடுவுல உள்ளவர் பச்சைமலை, சின்னவர் கொல்லிமலை. பெரியண்ணன் மூணு மலையையும் சேத்து எழுதிக் கொடுத்துட்டு வந்ததா எந்தப் பாட்டியும் சொன்னதில்லை.

பழங்குடிங்கிறதால எங்களுக்கு இன்னொரு கூத்தும் இருக்கு. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் 2(2) பிரிவுப்படி, மத்திய அரசு தனியா அறிவிச்சாலொழிய அந்தச் சட்டம் பட்டியல் பழங்குடிகளுக்குப் பொருந்தாது. மகளுக்கும் பிறப்பிலேயே பங்குன்னு சொன்ன 2005 திருத்தம் அந்தச் சட்டத்துக்குள்ளதான் இருக்கு. 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் பழங்குடிப் பெண்களுக்கும் சம பங்கு உண்டுன்னு ஒரு நல்ல தீர்ப்புக் கொடுத்தது. 2025 அக்டோபரில் இமாச்சல வழக்கு ஒண்ணுல உச்ச நீதிமன்றம், அறிவிக்கை இல்லாம அந்தச் சட்டத்தைப் பழங்குடிகளுக்குப் பொருத்த முடியாதுன்னு சொல்லிடுச்சு. ஆனா மூத்தவன் விக்கலாம்ங்கிற பழைய அதிகாரம் மட்டும் 'வழக்கம்'ங்கிற பேர்ல மலை ஏறி வந்துடுது. மகளோட பங்கு அடிவாரத்துலயே நின்னுடுது.

கீழ்நாட்டுலயும் பொண்ணுங்க நிலைமை ரொம்ப வித்தியாசம் இல்லை. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு கர்நாடக வழக்கில், மகள் கல்யாணக் கடனுக்காக அப்பா நிலம் வித்தது குடும்ப அவசியம்தான்னு சொல்லிச்சு, கல்யாணம் முடிஞ்சு சில வருஷம் கழிச்சு வித்திருந்தாலும். கடன் சுமை வருஷக்கணக்குல இழுக்கும்ங்கிறது உண்மைதான், மறுக்கலை. ஆனா யோசிச்சுப் பாருங்க, இன்னைக்கு மகளும் பங்காளி. அவ பங்கையும் சேத்து வித்து, அவ கல்யாணக் கடனை அடைச்சு, அவளைக் கேக்காம அனுப்பி வைக்கலாம். பிறகு "உனக்குத்தான் செஞ்சாச்சே"ன்னு வேற சொல்லலாம்.

குழந்தைகளுக்கு இன்னும் மோசம். ஒரு மைனர் பேர்ல தனியா ஒரு சென்ட் இருந்தாக்கூட, அதை விக்க அப்பா கோர்ட்டு அனுமதி வாங்கணும். 1956 இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டம் 8-ம் பிரிவு. அதே குழந்தைக்குத் தாத்தாவோட பத்து ஏக்கரில் பிரிக்காத பங்கு இருந்தா, கர்த்தா விக்கும்போது அந்த அனுமதி வேண்டாம்னு 1996-ல் தீர்ப்பாயிடுச்சு. ஒரு சென்ட்டுக்குக் காவல் உண்டு, பத்து ஏக்கர் பங்குக்கு இல்லை.

சார் பதிவாளர் பார்த்துக்க மாட்டாரான்னு கேக்கலாம். மாட்டார். தமிழ்நாட்டில் மூலப் பத்திரம் காட்டினாத்தான் பதிவுன்னு 55-ஏ விதி கொண்டு வந்தாங்க. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அது செல்லாதுன்னுடுச்சு. விக்கிறவருக்கு உரிமை இருக்கான்னு பார்க்கிறது பதிவாளர் வேலை இல்லைன்னு தீர்ப்பு. ஆக பதிவாளரும் பார்க்க மாட்டார், கோர்ட்டும் முன்னாடி தடுக்காது, வாங்கறவர் வக்கீல் 'போதும்'னுடுவார். தம்பியையும் தங்கச்சியையும் கேக்க வேண்டிய ஆள் இந்த ஊர்ல யாருமே இல்லை.

இதுக்கு எதிர்ப் பேச்சு எனக்குத் தெரியும். எல்லார் கையெழுத்தும் வேணும்னா, ஊதாரித் தம்பி ஒருத்தன் முரண்டு பிடிச்சு, ஆஸ்பத்திரியில் அம்மா கிடக்கும்போது குடும்பத்தையே கவுத்துடுவான். நடக்கக்கூடியதுதான். ஆனா ஆஸ்பத்திரிக்கு யாரும் அன்னைக்கே நிலம் வித்துப் பணம் கட்டினதா நான் பார்த்ததில்லை. நகையை வைப்பாங்க, சொசைட்டியில் வாங்குவாங்க, பூவிலேயே மிளகைப் பேசி அட்வான்ஸ் வாங்குவாங்க. நிலம் விலை பேசி முடிய எப்படியும் ரெண்டு மூணு மாசம் ஆகும். அந்த ரெண்டு மாசத்துல தம்பிக்கு ஒரு நோட்டீஸ் அனுப்ப முடியாதா? அவன் வீம்புக்கு மறுத்தா, அப்போ கோர்ட்டுக்குப் போறது விக்கிறவர் வேலையா இருக்கட்டும். காரணம் உண்மைன்னா காகிதத்தைக் காட்டி அனுமதி வாங்கட்டும். இப்போ கோர்ட்டுப் படி ஏறுறது இழந்தவன். அதைத்தான் மாத்தச் சொல்றேன்.

கேக்கறது பெரிசா ஒண்ணுமில்லை. பூர்வீகச் சொத்துன்னா, வயசு வந்த பங்காளிங்க எல்லாரும், பொண்ணுங்க உட்பட, கையெழுத்துப் போடாம கிரயம் பதியக் கூடாது. மைனர் பங்கு இருந்தா கோர்ட்டு அனுமதி. கேரளாவில் 1975-லேயே சட்டம் போட்டு, 1976 டிசம்பர் 1 முதல் இந்துக் கூட்டுக்குடும்ப முறையையே எடுத்துட்டாங்க. அங்க கர்த்தாவும் இல்லை, அந்த அதிகாரமும் இல்லை. குடும்பங்க ஒண்ணும் இடிஞ்சு விழலை. நமக்கு அவ்வளவு தூரம் போக மனசில்லைன்னா கையெழுத்து மட்டுமாவது வேணும். கூட்டுக்குடும்பமும் பாகப்பிரிவினையும் பொதுப் பட்டியல்ல இருக்கு, மாநிலம் சட்டம் போடலாம். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுல பொண்ணுங்களுக்குச் சம சொத்துரிமைன்னு தீர்மானம் போட்ட ஊரு இது. 1989-ல் டெல்லிக்கு 16 வருஷம் முன்னாடியே மகளுக்குப் பங்கு கொடுத்த சட்டசபை இது. பங்கு கொடுத்தீங்க. அந்தப் பங்கை விக்கும்போது அவளைக் கேக்கணும்னு ஒரு வரி சேக்க 36 வருஷமா யாருக்கும் தோணலை.

இதைப் படிக்கிற உங்கள்ல பாதிப் பேர் இடம் வாங்கறவங்க இல்லை, ஊர்ல பூர்வீக நிலம் உள்ளவங்க. அண்ணனோ பெரியப்பாவோ பார்த்துக்கறார்னு இருக்கீங்க. அவங்க நல்லவங்களாகவே இருக்கட்டும். பதிவுத் துறை இணையதளத்தில் சர்வே நம்பரைப் போட்டா வில்லங்கம் காசில்லாமப் பார்க்கலாம். தாத்தா விட்டுப் போன சர்வே நம்பர் என்னன்னு தெரியலைன்னா, இந்த ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போன் பண்ணிக் கேளுங்க. கிரயம் ஏற்கெனவே நடந்து, வாங்கினவர் நிலத்துல இறங்கியிருந்தா, அப்பா வித்ததை ரத்து பண்ணக் கேக்கிறதுக்கு அன்னைக்கிருந்து 12 வருஷம்தான் கெடு.