மாட்டுக்கு ஊசி, மானுக்கு வாழ்வு

வெள்ளைக்காரத் துரைமார் எழுதிய ஆப்பிரிக்க வேட்டைப் புத்தகங்களைப் படித்தவர்கள் மனத்தில் ஒரு சித்திரம் பதிந்திருக்கும். கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி. அங்கங்கே குடை கவிழ்த்தாற்போன்ற வேல மரங்கள். சிங்கமும் வரிக்குதிரையும் ஒட்டகச்சிவிங்கியும் சிருஷ்டி காலந்தொட்டு அவ்வாறே உலாவுகின்றன. மனித வாசனையே கிடையாது. இச்சித்திரத்தில் புல்வெளி உண்மை, மரம் உண்மை, சிங்கமும் உண்மை. மனித வாசனை கிடையாது என்பது மட்டும் பொய். அந்தப் பொய் எப்படிப் பிறந்தது, ஆராய்ச்சி அதை எவ்வாறு உடைத்தது, உடைந்த பிறகும் அது ஏன் ஏழைகளின் தலையில் விழுந்துகொண்டிருக்கிறது என்பதை இந்த வாரம் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

டான்ஸானியா தேசத்தின் வடபகுதியில் இருக்கிறது ஸெரெங்கெட்டி என்னும் பெரும் புல்வெளி. மசாய் மக்களின் மொழியில் அதற்கு 'முடிவில்லாத வெளி' என்று பொருள் சொல்வார்கள். அங்குள்ள தேசிய வனத்தின் பரப்பு மட்டும் 14,763 சதுர கிலோமீட்டர். அந்த வெளிக்கு ராஜா சிங்கம் என்று நாம் நினைப்போம். ஆராய்ச்சியாளரைக் கேட்டால், வில்டபீஸ்ட் என்னும் பிராணியைத்தான் சொல்லுவார்கள். மறிமான் வகையைச் சேர்ந்த அதற்கு மாட்டுக் கொம்பும், ஆட்டுத் தாடியும், குதிரை வாலும் உண்டு; பிரமதேவர் மிச்சமிருந்த உறுப்புகளையெல்லாம் சேர்த்துப் படைத்துவிட்டாரோ என்று தோன்றும். மாசி மாதத்தை ஒட்டித் தெற்கேயுள்ள குட்டைப் புல்வெளியில் இவை கன்று ஈனுகின்றன. மழை நின்று புல் காய்ந்ததும் மேற்கும் வடக்குமாக நடந்து, மாரா நதியைக் கடந்து கென்யா எல்லைக்குள் போய், மழை தொடங்கியதும் திரும்புகின்றன. ஆண்டுதோறும் இந்தப் பிரதட்சிணம் நடக்கிறது. இன்று அதில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வில்டபீஸ்ட்டுகள் கலந்துகொள்கின்றன.

ஆனால் எப்போதும் இத்தனை இருந்ததில்லை. அங்கேதான் நமது கதை தொடங்குகிறது.

1880-களின் இறுதியில் இத்தாலியர் செங்கடற் கரையிலுள்ள எரித்திரியாவில் கால் ஊன்றிக்கொண்டிருந்தனர். அவர்களுடைய சேனைக்காகக் கப்பலில் வந்த மாடுகளுடன் ஒரு கொள்ளை நோயும் வந்து இறங்கியது. அந்த மாடுகள் இந்தியாவிலிருந்து போனவை என்று பல சரித்திர நூல்கள் கூறுகின்றன. நம் கிராமங்களில் வெக்கை நோய் என்று பெயர் கேட்டாலே குடியானவன் நடுங்கிய அந்த நோய்தான் அது. அதற்குமுன் அந்நோயைக் கண்டறியாத நிலத்தில் அது காட்டுத் தீயைப்போல் பரவிற்று. 1897-க்குள் கண்டத்தின் தென்கோடிவரை சென்றுவிட்டது. போன இடங்களிலெல்லாம் நூற்றுக்குத் தொண்ணூறு மாடுகள் மாண்டன. காட்டெருமையும் வில்டபீஸ்ட்டும் அவற்றோடு செத்து விழுந்தன.

மசாய் மக்களுக்கு மாடுதான் சோறு, மாடுதான் சொத்து, மாடுதான் சீதனம். மாடு போனால் மனிதன் எங்கே நிற்பான்? பஞ்சம் வந்தது, பஞ்சத்தின் பின்னாலேயே பெரியம்மை வந்தது. 1891, 1892-ஆம் ஆண்டுகளில் அந்தப் பக்கம் யாத்திரை செய்த ஆஸ்திரியர் ஆஸ்கார் பௌமான், எலும்பும் தோலுமாய் அலைந்த மசாய்க் குடும்பங்களைக் கண்டு எழுதி வைத்திருக்கிறார். ஊர்கள் பாழாயின. மேய்ச்சல் இல்லாத நிலத்தில் புதர் மண்டிற்று. புதரில் ட்ஸெட்ஸி என்னும் ஈ குடி புகுந்தது. மாட்டுக்கு ஒரு காய்ச்சலையும் மனிதருக்குத் தூக்க வியாதியையும் கொண்டுவரும் ஈ அது. பாழான ஊருக்குத் திரும்பிவர நினைத்தவர்களையும் அந்த ஈ விரட்டியடித்தது.

இவ்வாறு காலியான நிலத்தைத்தான் பின்னால் வந்த துரைமார் பார்த்தார்கள். பார்த்து, "ஆகா! மனிதன் கால்படாத ஆதி வனம்!" என்று எழுதினார்கள். கொள்ளை நோய் பெருக்கிவிட்டுப் போன வீட்டுக்குள் நுழைந்து, இங்கே யாரும் குடியிருந்ததே இல்லை என்று சாதிப்பதற்கு இது ஒப்பானதல்லவா?

அந்த எண்ணத்தின்மேல்தான் சட்டங்கள் கட்டப்பட்டன. 1951-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் சர்க்கார் ஸெரெங்கெட்டியைத் தேசிய வனமாக அமைத்தது. மசாய்களின் மாடுகள் புல்லை அழிக்கின்றன, அவர்களால் வன விலங்கு குறைகிறது என்ற புகார் வலுத்தது. 1959-இல் அவர்களை அங்கிருந்து வெளியேற்றிப் பக்கத்திலுள்ள ங்கோரோங்கோரோ பிரதேசத்துக்கு அனுப்பினார்கள். அவ்வாண்டே ஆளுநர் டர்ன்புல் மசாய்ச் சபையின் முன் ஓர் உறுதியும் அளித்தார்: புதிய பிரதேசத்தில் விலங்கின் நலனும் குடிகளின் நலனும் மோதினால் குடிகளின் நலனுக்கே முதலிடம் என்றார். இந்த வாக்குறுதியை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி விஞ்ஞானிகளிடம் வருவோம். 1961-இல் எண்ணியபோது ஸெரெங்கெட்டியில் சுமார் 2,60,000 வில்டபீஸ்ட்டுகள் இருந்தன. 1977-இல் எண்ணியபோது அவை 13 லட்சத்தைத் தாண்டியிருந்தன. பதினாறே ஆண்டில் ஐந்து மடங்கு! காட்டெருமையும் பெருகியிருந்தது. ஆனால் அதே புல்லைத் தின்று, அதே சிங்கத்துக்கு அஞ்சி, அதே வழியில் நடக்கும் வரிக்குதிரை மட்டும் ஏறக்குறைய இரண்டு லட்சத்திலேயே நின்றது. மழையோ காவலோ காரணமானால் வரிக்குதிரையும் அல்லவா பெருகியிருக்க வேண்டும்?

1965 முதல் அங்கே ஆராய்ச்சி செய்துவந்த ஆந்தனி ஸிங்க்ளேர் என்னும் விஞ்ஞானி இந்தப் புதிரைத் துப்பறிந்தார். வெக்கை நோய் பிளந்த குளம்புடைய பிராணிகளையே பற்றும். குதிரை ஜாதியை அண்டாது. முன்னெல்லாம் வில்டபீஸ்ட் கன்றுகள் ஏழு மாதம் ஆனதும், தாய்ப்பாலில் வந்த பாதுகாப்பு தீர்ந்தவுடன், கும்பல் கும்பலாகச் செத்துக்கொண்டிருந்தன. 1963-க்குப் பிறகு அந்தச் சாவு நின்றுவிட்டது. இரத்தத்தைச் சோதித்ததிலும் அதே சாட்சி கிடைத்தது: அந்த ஆண்டுக்கு முன் பிறந்தவற்றின் இரத்தத்தில் நோயின் சுவடு இருந்தது, பின்னால் பிறந்தவற்றில் இல்லை.

காட்டில் இருந்த நோயை யார் ஒழித்தார்கள்? காட்டு மிருகத்துக்கு யாரும் மருந்து கொடுக்கவில்லை. சுற்றியிருந்த கிராமங்களின் மாடுகளுக்குக் கால்நடை வைத்தியர்கள் தடுப்பு ஊசி போட்டார்கள், அவ்வளவுதான். அதுவரையில் காட்டு விலங்கே நோயின் உறைவிடம் என்று பலர் நம்பியிருந்தனர். மாட்டில் நோய் நின்றதும் காட்டிலும் தானாக நின்றது. துப்பாக்கியும் வேலியும் சாதிக்காத காரியத்தை ஏழை இடையனின் மாட்டுக்குப் போட்ட ஊசி சாதித்துவிட்டது.

அந்த ஊசியின் சரித்திரத்தில் நம் தேசத்துக்கும் பங்கு உண்டு. இமயமலைச் சாரலில் முக்தேசுவரத்தில் இருக்கும் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில், 1920-களில் எட்வர்ட்ஸ் என்பவர் நோய்க் கிருமியை ஆட்டின் உடலில் திரும்பத் திரும்பச் செலுத்தி, அதன் கொடுமையைத் தணித்துத் தடுப்பு மருந்து ஆக்கினார். ஆட்டின் வழியாகக் கிருமியைச் சாதுவாக்கும் முறை ஆப்பிரிக்காவிலும் கையாளப்பட்டது. பின்னர் கென்யாவில் வால்டர் ப்ளோரைட் என்பவர், கன்றின் சிறுநீரக அணுக்களில் கிருமியை வளர்த்து, மலிவும் அபாயமற்றதுமான மருந்தைக் கண்டார். அதற்காக 1999-இல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது.

வில்டபீஸ்ட் பெருகியதால் நேர்ந்தவை இன்னும் விந்தையானவை. முன்பு தின்ன ஆளில்லாத புல் காய்ந்து, ஆண்டுதோறும் பெருந்தீ மூண்டு, மரக்கன்றுகளைப் பொசுக்கிவந்தது. இப்போது லட்சக்கணக்கான வாய்கள் புல்லை மேய்ந்துவிடுவதால் தீ குறைந்தது, மரங்கள் தழைத்தன, தழைக்கு அண்ணாந்து நிற்கும் ஒட்டகச்சிவிங்கிக்கும் உணவு கிடைத்தது. மாட்டின் தோளில் குத்திய ஊசி, எங்கேயோ ஒரு வேல மரத்தை வளர்த்திருக்கிறது!

ஆனால் இந்த நன்மைக்கு விலை கொடுத்தவர் யார்? வில்டபீஸ்ட் கன்றுகளிடமிருந்து மாட்டுக்குப் பற்றும் ஒரு கொடிய காய்ச்சல் இருக்கிறது. மசாய்கள் இதைத் தலைமுறை தலைமுறையாக அறிவார்கள். ஆகையால் கன்று ஈனும் காலத்தில் குட்டைப் புல்வெளிப் பக்கமே மாட்டை ஓட்டமாட்டார்கள். வில்டபீஸ்ட் பெருகப் பெருக, மழைக்காலத்தின் மிகச் சிறந்த மேய்ச்சல் அவர்கள் கைவிட்டுப் போயிற்று. தங்கள் மாட்டுக்கு ஊசி போட்டுக்கொண்டு காட்டை வாழவைத்தவர்களுக்குக் கிடைத்த வெகுமதி இது.

வாக்குறுதி என்னவாயிற்று? 1974-இல் ங்கோரோங்கோரோ எரிமலைக் குழியின் அடிவாரத்தில் வசித்தவர்களை வெளியேற்றினார்கள். மறு ஆண்டு அப்பிரதேசத்தில் பயிர்த் தொழிலுக்குத் தடை வந்தது. 2022-இல் அங்குள்ள குடும்பங்களைத் தொலைவிலுள்ள வேறு ஜில்லாவுக்குக் குடியேற்றும் ஏற்பாடு தொடங்கியது. அதே ஆண்டு ஸெரெங்கெட்டிக்குக் கிழக்கே லோலியோண்டோவில் 1,500 சதுர கிலோமீட்டர் நிலத்தை வன விலங்குக்கென்று எல்லைக்கல் நட்டு ஒதுக்கியபோது கலகமே விளைந்தது. வெள்ளைக்கார ஆட்சி 1961-இல் போய்விட்டது. அது விட்டுச்சென்ற எண்ணம் போகவில்லை. அந்நிய ஆட்சியிலிருந்து மீண்ட தேசங்கள் யாவும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய விஷயம் இது.

காவலே வேண்டாம் என்பது நமது கட்சியன்று. 1970-களில் திருட்டு வேட்டையாடிகள் ஸெரெங்கெட்டியின் காண்டாமிருகங்களை அநேகமாகத் தீர்த்தே விட்டார்கள். கொம்புக்கும் தந்தத்துக்கும் கொல்லும் கள்வனை அடக்கக் காவற்காரன் வேண்டியதுதான். ஆனால் தந்தக் கள்வனையும் மாட்டிடையனையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயமாகாது.

காடு வேறு, கிராமம் வேறு என்று கோடு கிழிப்பவர்களுக்கு மற்றொரு சம்பவத்தையும் சொல்லுவோம். 1994-இல் ஸெரெங்கெட்டிச் சிங்கங்களுள் மூன்றில் ஒரு பங்கு ஒரு விஷக் காய்ச்சலில் மாண்டது. அது நாய்களுக்கு வரும் நோய். சுற்றுப்புறக் கிராமத்து நாய்களிடம் இருந்தது. பிறகு சிங்கத்தைக் காப்பதற்காக விஞ்ஞானிகள் எங்கே போனார்கள்? கிராமத்துக்குப் போய் நாய்களுக்கு ஊசி போட்டார்கள்.

வெக்கை நோய் இந்தியாவில் கடைசியாகக் காணப்பட்டது 1995-இல். உலகத்திலிருந்தே அது ஒழிந்தது என்று 2011-இல் பறைசாற்றினார்கள். மனிதன் முயன்று அடியோடு ஒழித்த வியாதிகள் இரண்டே: பெரியம்மை ஒன்று, இது மற்றொன்று. இந்த வெற்றியில் ஆராய்ச்சிசாலைப் பண்டிதருக்கு எவ்வளவு பங்கு உண்டோ, மாட்டைப் பிடித்து நிறுத்திக் கொடுத்த இடையனுக்கும் அவ்வளவு பங்கு உண்டு. கொள்ளை நோய் காலத்தில் காட்டோடு சேர்ந்து செத்தவன் அவன். காடு செழிக்கும் காலத்தில் அதனோடு சேர்ந்து வாழும் உரிமை அவனுக்கு இல்லை என்று யாரால் சொல்ல முடியும்?