குற்றவாளி யார்?

நெதர்லாந்தின் கால்வாய்க் கரையில் இளவேனிற் காலையொன்றில் நின்று நோக்குங்கள். மஸ்க்ரட் எனும் நீரெலி, தட்டையான வாலைத் துடுப்பென அசைத்து நீந்திவந்து, நாணற்குருத்தைக் கொறிக்கும்.

இதனை ‘நாசப்பிராணி’ என்று பழிக்கின்றனர். கடல்மட்டத்துக்குத் தாழ்ந்த நிலங்களைக் காக்கும் கரைகளை அது குடைகிறது, ஆபத்து மெய்யே. பொறி வைப்பதை நாம் மறுக்கவில்லை, பழிச்சொல்லையே மறுக்கிறோம்.

வட அமெரிக்காவில் வாழ்ந்த இவ்வுயிரை 1905-இல் பிராகு நகரருகே கொணர்ந்து விட்டவன் மனிதன். பின்னர் மென்மயிர்த் தோலுக்கு ஆசைப்பட்டு ஐரோப்பாவில் பண்ணைகள் அமைத்தவனும் அவனே. தப்பியவை பெருகின.

வளை தோண்டுவது விலங்கின் இயல்பு. இயல்பைக் குற்றமாக்கி, பேராசையை விடுதலை செய்வது எவ்வகை நீதி? பொறி வைக்கும் கை, முதலில் ‘என் பாவமே’ என்று தன் மார்பில் தட்டிக்கொள்ளட்டும்!