என் ஆயா பொறுமைசாலி இல்லை

இந்த முறை கொஞ்சம் சொந்தக் கதை. ஆனால் அதற்குள் ஒரு கருத்தும் இருக்கிறது. கடைசி வரை படித்துவிட்டு ஒத்துக்கொள்ளுங்கள், இல்லை சண்டைக்கு வாருங்கள்.

எங்கள் ஆயா (அப்பாவின் அம்மா) இறந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு பிளெக்ஸ் பேனர் வைக்க வேண்டும் என்றார் சித்தப்பா. "காலேஜ்ல படிக்கிறவ நீதானே, நாலு வரி எழுதிக் குடு" என்று வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். பேனர் கடையில் மாதிரி வாசகங்கள் தயாராக இருந்தன. 'பொறுமையின் சிகரமே', 'தியாகத்தின் திருவுருவமே', 'அன்பின் ஊற்றே'. பெயரை மட்டும் மாற்றினால் போதும்.

படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொறுமையா? எங்கள் ஆயாவுக்கா?

நாங்கள் கொல்லிமலைக்காரர்கள். எங்கள் மலையில் செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. ஆடி மாதம் அரசு விழாவும் உண்டு. ஓரி விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் வீழ்த்தியதாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் இதைப் படித்துவிட்டு வந்து பெருமையாக ஆயாவிடம் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு ஆயா கேட்டது இதுதான்: "சரி கண்ணு, அஞ்சையும் அடிச்சாரு. அதைத் தூக்கியாந்து அறுத்து ஆக்கிப் போட்டது யாரு? அவளுக்கு எங்க சிலை?"

அன்றைக்குச் சிரித்தேன். இன்றைக்கும் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

ஆயாவுக்குச் சின்ன வயதிலேயே தாத்தா போய்விட்டார். நான்கு பிள்ளைகள். கொஞ்சம் மேட்டுக்காடு, அதில் சாமையும் கேழ்வரகும். சாமைச் சோறு சாப்பிடத்தான் லேசு. அரிசியாக்க வேண்டுமானால் உரலில் போட்டுக் குத்தி, புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைக்க வேண்டும். விடியற்காலையில் நான்கு வயிற்றுக்கும் குத்தி வைத்துவிட்டுத்தான் காட்டுக்குப் போகவேண்டும். பிறகு ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி வந்தது, கையில் காசு வந்தது, சாமைக்காடு சுருங்கியது. அதற்கும் பிறகு எங்கள் மலைக்கு உமி நீக்கும் மெஷின் வந்தபோது ஆயா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னது: "இதைக் கண்டுபிடிச்சவன் பொண்டாட்டிக்குப் பயந்தவனாத்தான் இருப்பான். நல்லா இருக்கட்டும்."

2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அந்த வருஷம் மலைக்கு வந்த சிலர், சாமை உடம்புக்கு எவ்வளவு நல்லது என்று ஆயாவுக்கே பாடம் நடத்தினார்கள். ஆயா மரியாதையாகக் கேட்டுக்கொண்டது. அவர்கள் போனதும், "நாங்க தின்னப்ப இல்லாதவன் சோறு. அவங்க தின்னா மருந்து. வாய் மாறுனா தானியமே மாறிப் போவுது பாரு" என்றது. ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையில் பத்துப் பக்கத்துக்கு எழுதவேண்டிய விஷயம் இது.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். ஒரு பெண் இறந்ததும் நாம் முதலில் பறிப்பது அவளுடைய வாயைத்தான். உயிரோடு இருக்கும்போது 'வாயாடி' என்கிறோம். செத்த பிறகு 'பொறுமைசாலி' என்கிறோம். இரண்டுமே அவள் சொன்னதைக் காதில் வாங்காமல் இருக்க நாம் கண்டுபிடித்த வழிகள்.

வீட்டில் மட்டுமா இப்படி? ஔவையாரையே எடுத்துக்கொள்ளுங்கள். தகடூர் அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் போன சங்ககால ஔவையார், அவனுடைய படைக்கலங்களைப் புகழ்வது போலவே கேலி செய்தார். உன் ஆயுதங்கள் மாலை சூட்டி, நெய் பூசிப் பளபளப்பாக இருக்கின்றன, எங்கள் அரசனுடையவையோ சண்டையில் முனை உடைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று சொல்லும் அந்தப் பாட்டு, புறநானூற்றில் 95-ஆவது. ஓர் அரசனை அவன் அரண்மனையிலேயே நையாண்டி செய்த துணிச்சல்! ஆனால் ஔவை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது என்ன? கையில் கோல், நெற்றியில் திருநீறு, வாயில் புத்திமதி. வெவ்வேறு காலத்து ஔவையார்கள் எல்லோரையும் ஒரே சாந்தமான கிழவியாக்கிவிட்டோம்.

மதுரைப் பக்கம் புல்லுச்சேரி சின்னப்பிள்ளை அம்மாவின் கதையும் அப்படித்தான். விவசாயக் கூலிப் பெண்களைச் சேர்த்து நியாயமான கூலி கேட்டவர், களஞ்சியம் இயக்கத்தில் ஊர் ஊராகப் பெண்களைத் திரட்டியவர். 2019-இல் பத்மஸ்ரீ பெற்றார். ஆனால் 2001-இல் பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கிய அந்த ஒரு நிமிஷம்தான் பலருக்கும் தெரியும். அவர் பேசிப் பேசிச் சேர்த்தது யாருக்கு நினைவிருக்கிறது?

இதில் என் சொந்த லாபமும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். ப்ளஸ் டூ முடித்ததும் எனக்கு மாப்பிள்ளை பார்க்கலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தது. காரவள்ளி அடிவாரம் வரை எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கிப் போய்ப் பெண்பிள்ளை படிக்க வேண்டுமா என்றார்கள் சொந்தக்காரர்கள். திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஆயா தலையைத் தூக்காமலே, "எழுவது வளைவுக்கும் டிக்கெட் எடுத்தவளை எட்டாவது வளைவுல இறக்கி விடறீங்களேடா, மீதிக் காசை யாரு குடுப்பா?" என்றது. எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சிரித்த பிறகு கோபமாகப் பேச முடியவில்லை. அடுத்த மாதம் நான் கல்லூரியில் சேர்ந்தேன். ஆயா பொறுமைசாலியாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். இதை எழுதி முடித்து அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அம்மா சிரிக்கவில்லை. "உனக்கு அது வேடிக்கை. மருமகளா இருந்து இருபது வருஷம் வாங்கிக் கட்டிக்கிட்டவ நானு" என்றார். உண்மைதான். அந்த நாக்கு குத்தவும் செய்தது. அதையும் சேர்த்துத்தான் ஆயா. கொஞ்ச நேரம் கழித்து அம்மாவே, "உங்க ஆயா மெஷினைப் பத்திச் சொன்னதை எழுதுனியா?" என்று கேட்டார். அது போதும் எனக்கு.

எங்கள் மலையில் மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை, சடஞ்சாமை என்று எத்தனையோ சாமை வகைகள் உண்டு. அழிந்துவிடக் கூடாது என்று எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் இங்கே வந்து அவற்றைப் பெயரோடு பதிவு செய்தார்கள், விதை வங்கி வைத்தார்கள். நல்ல காரியம். ஆனால் அந்த விதையைக் காப்பாற்றி வந்த கிழவிகளின் பேச்சுக்கு வங்கி எங்கே? நம் எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. ஊருக்குப் போனால் அருவியை வீடியோ எடுக்கிறோம். ஆயாவின் குரல் ஒரு நிமிஷம்கூட என்னிடம் இல்லை. நான் செய்த தப்பை நீங்கள் செய்யாதீர்கள். இன்று ராத்திரியே பக்கத்தில் உட்கார்ந்து பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள். திட்டினாலும் பரவாயில்லை, அதையும் பதிவு செய்யுங்கள்.

பேனர் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். படம்தான் முதல் சிக்கல். வீட்டில் தேடியதில் கிடைத்தது ஆதார் அட்டைக்கு எடுத்த படம் ஒன்றுதான். அதில் ஆயா முறைத்துக்கொண்டிருக்கிறது. சிரித்தே ஆளைக் கொல்லும் கொல்லிப்பாவையின் கதை வழங்கும் மலையில், வாழ்நாள் முழுக்கச் சிரிக்க வைத்தவளுக்குச் சிரிக்கிற படம் ஒன்று இல்லை. வாசகத்தில் 'பொறுமை', 'தியாகம்' இரண்டையும் அடித்துவிட்டு நான் எழுதிக் கொடுத்தது ஒரே வரி: 'எங்களைச் சிரிக்க வைத்தே வழிக்குக் கொண்டுவந்த எங்கள் அம்மா, எங்கள் ஆயா.'

சித்தப்பா இரண்டு தடவை படித்தார். "ஊர்ல என்ன நினைப்பாங்க?" என்றார். பிறகு அவரே சிரித்துவிட்டு, "சரி, அப்படியே அடிக்கச் சொல்லு" என்றார்.