பெட்டியைத் திறக்க ஏன் தயங்குகிறோம்?

“கணினி சூடாகிறது, தானாகவே அணைந்துவிடுகிறது” என்று யாராவது சொன்னால் நம்மில் பெரும்பாலோர் தரும் மறுமொழி ஒன்றுதான்: “கடையில் கொடுத்துப் பாருங்கள்.” கடைக்குக் கொண்டுபோவது தவறன்று. காரணம் என்னவென்று அறிய முயலாமலேயே கொண்டுபோவதும், கேட்ட தொகையைக் கொடுத்துவிட்டு வருவதும்தான் தவறு என்பது என் கருத்து. அதிலும் அறிவியலும் பொறியியலும் படிக்கும் நாம் அப்படிச் செய்வது வெட்கப்பட வேண்டிய ஒன்று. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

2007ஆம் ஆண்டு நான் ஸ்கூடாயில் இறுதியாண்டு பொறியியல் மாணவன். என் மேசையில் இருந்தது ஒரு பெந்தியம் 4 கணினி. பாசிர் கூடாங்கில் தொழிற்சாலை வேலை பார்த்த அப்பா, பல மாதம் ஓவர்டைம் செய்து வாங்கித் தந்தது. ஆய்வறிக்கையை ஒப்படைக்கப் பத்து நாள் இருக்கும்போது அது அணையத் தொடங்கியது. கால் மணி நேரம் ஓடும், பட்டென்று நின்றுவிடும். கடைக்காரர் பெட்டியை முடுக்கிப் பார்த்துவிட்டு, “தாய்ப்பலகை போய்விட்டது, 450 ரிங்கிட் ஆகும்” என்றார்.

அப்பாவிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. விடுதியில் பக்கத்து அறையிலிருந்த முதுகலை மாணவரான அண்ணனிடம் போய்ப் புலம்பினேன்.

“தம்பி, தெறந்து பாத்தியா?”

“இல்லண்ணே.”

“வெப்பப் பரிமாற்றப் பாடத்துல என்ன கிரேட் வாங்குன?”

“ஏ, அண்ணே.”

அவர் சிரிக்கவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு திருப்புளியை எடுத்துக் கையில் கொடுத்தார்.

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினோம். காற்றாடிக்கும் அதன் அடியிலிருந்த அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே, கம்பளித் துணியை வெட்டி வைத்ததுபோல் சாம்பல் நிறத்தில் தூசி படிந்திருந்தது. காற்று நுழைய ஊசிமுனை இடமில்லை. ஒரு பழைய பெயிண்ட் தூரிகையும் பத்து ரிங்கிட் வெப்பப் பசையும்தான் அன்றைய செலவு. ஆய்வறிக்கையை உரிய நாளில் ஒப்படைத்தேன். அதே கணினியைப் பிறகு என் தங்கை மூன்று ஆண்டுகள் பயன்படுத்தினாள்.

கணினி ஏன் சூடாகிறது? சில்லுக்குள் போகும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே வெளிவருகிறது. 2004இல் வெளிவந்த பெந்தியம் 4 சில்லுகள் சுமார் 90 முதல் 115 வாட் வரை வெப்பத்தைக் கக்கின. 100 வாட் குண்டு விளக்கைத் தொட்டுக் கை சுட்டுக்கொண்ட அனுபவம் நம் பெற்றோருக்கு இருக்கும். அவ்வளவு வெப்பமும் கட்டைவிரல் நகத்தளவு இடத்திலிருந்து வருவதாக எண்ணிப் பாருங்கள்! அதே ஆண்டில் இன்டெல் நிறுவனம் 4 கிகாஹெர்ட்ஸ் பெந்தியம் 4 திட்டத்தைக் கைவிட்டு, ஒரே சில்லில் இரண்டு கருக்களை வைக்கும் வழிக்குத் திரும்பியது. வெப்பம் அதற்கு ஒரு முக்கியக் காரணம். உலகின் பெரிய நிறுவனத்தையே வழிமாற வைத்த வெப்பம், நம் மேசைக் கணினியை மட்டும் விட்டுவிடுமா?

நம் ஜொகூரின் தட்பவெப்பமும் ஒரு காரணம். காற்றால் குளிரூட்டப்படும் கணினி, அறையின் காற்றைவிடக் குளிர்ச்சியாக இருக்க முடியாது. அறையின் வெப்பம் பத்துப் பாகை கூடினால் சில்லின் வெப்பமும் ஏறக்குறைய பத்துப் பாகை கூடும். குளிர்சாதனம் உள்ள கடையில் 22 பாகையில் நன்றாக ஓடும் கணினி, நண்பகலில் 32 பாகையைத் தொடும் நம் அறைக்கு வந்ததும் தடுமாறுவது இதனால்தான். கடைக்காரர் எல்லாரும் ஏமாற்றுகிறவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நம் அறையில் நடப்பது அவருடைய மேசையில் தெரியாமல் போகலாம். அதைக் கவனித்துச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

மருத்துவனுக்கு வள்ளுவர் வகுத்த முறை இங்கும் பொருந்தும். முதலில் நோய் இன்னதென்று தெரிய வேண்டும். கணினி அணைந்தவுடன் மீண்டும் முடுக்குங்கள். முன்பைவிட விரைவில் அணைந்து, அரைமணி நேரம் ஆறவிட்ட பிறகு நன்றாக ஓடினால் வெப்பத்தின் மீது ஐயம் கொள்ளலாம். பயாஸ் திரையிலோ, எச்டபிள்யூ இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளிலோ வெப்ப அளவைப் பாருங்கள். 45 பாகையிலேயே அணைகிறது என்றால் கோளாறு வேறிடத்தில். மின்வழங்கியைச் சோதிக்க வேண்டும். எண்ணை மட்டும் பார்த்தும் அஞ்ச வேண்டாம். 2022இல் வந்த ரைசன் 7000 வரிசைச் சில்லுகள், கடும் வேலையின்போது 95 பாகை வரை செல்லும்படியே வடிவமைக்கப்பட்டவை.

அடுத்து, காரணத்தைத் தேடுங்கள். பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு அதே வேலையைக் கொடுத்துப் பாருங்கள். வெப்பம் நன்றாகக் குறைந்தால் பெட்டிக்குள் காற்றோட்டம் போதவில்லை என்று பொருள். பெட்டி சுவரை ஒட்டியிருக்கலாம். மேசை அலமாரிக்குள் அடைபட்டிருக்கலாம். முன்பக்கம் காற்றை இழுத்துப் பின்பக்கம் தள்ள வேண்டிய காற்றாடிகள் மாறிப் பூட்டப்பட்டிருக்கலாம். வெப்பம் குறையவே இல்லையென்றால் சில்லின் மேலுள்ள காற்றாடி, அதன் தகடுகள், பசை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். காற்றாடி சுற்றுகிறதா? தகடுகளில் தூசி அடைத்திருக்கிறதா? நான்கு மூலைப் பிடிப்புகளில் ஒன்று கழன்றிருக்கிறதா?

துப்புரவு செய்யும்போது சில எச்சரிக்கைகள். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, முடுக்கும் பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டுத் தொடங்குங்கள். காற்றாடியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு, உலர்ந்த தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். பசை காய்ந்து வெடித்திருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, ஒரு பட்டாணி அளவு புதிய பசையை இடுங்கள். இரு உலோகப் பரப்புகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய காற்று இடைவெளியை நிரப்புவதுதான் அதன் வேலை. அள்ளிப் பூசுவதால் பயனில்லை. மின்வழங்கியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அதனுள் உயிருக்கு ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும். அதற்குக் கடைதான் சரி.

இத்தனையும் செய்து பலனில்லை என்றால் தாராளமாகக் கடைக்குப் போங்கள். ஆனால், “சூடாகுதுங்க” என்று மட்டும் சொல்லாமல், “தூசி எடுத்தாயிற்று, பசை மாற்றியாயிற்று, பத்தாவது நிமிடத்தில் 98 பாகையைத் தொடுகிறது” என்று சொல்லுங்கள். அப்போது பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

இது ஒரு பெட்டியோடு முடிகிற செய்தியும் அன்று. சிங்கப்பூர் 2019 முதல் 2022 வரை புதிய தரவு மையங்களுக்கு அனுமதியை நிறுத்திவைத்த பிறகு, முதலீடுகள் ஜொகூரை நோக்கி வந்தன. கூலாயில் ஒய்டிஎல் நிறுவனம் அமைத்துவரும் தரவு மைய வளாகத்துக்காக 2023 டிசம்பரில் என்விடியாவுடனான கூட்டு அறிவிக்கப்பட்டது. அக்கட்டடங்களின் பெருஞ்செலவுகளில் ஒன்று, சில்லுகளின் வெப்பத்தை வெளியேற்றுவதுதான். அதற்கு வேண்டிய மின்சாரமும் நீரும் இன்று மாநிலமே பேசும் பொருளாகிவிட்டன. நம் வீட்டு வாசலுக்கே வந்திருக்கும் அந்த வேலைக்கு, மேசைக் கணினியின் தூசியைக்கூடத் தட்டிப் பார்க்காத கைகளோடு நாம் போகலாமா?

ஆகவே நம் தமிழ்மொழிக் கழகத்திடம் ஒரு வேண்டுகோள். கலை இரவும் பட்டிமன்றமும் தொடரட்டும். அவற்றோடு, பருவத்துக்கு ஒரு சனிக்கிழமை, பழுதான கணினிகளைக் கொண்டுவந்து எல்லாரும் சேர்ந்து திறந்து பார்க்கும் நாளாக இருக்கட்டும். மூத்த மாணவர்கள் தமிழிலேயே விளக்கட்டும். அந்தக் குறிப்புகள் அடுத்த மலரில் இடம்பெறட்டும். பக்கத்திலுள்ள தமிழ்ப்பள்ளியின் கணினி அறைக்கும் ஒருநாள் தூரிகையோடு போய்வரலாம். முன்னாள் மாணவர்களான நாங்கள் திருப்புளியோடு வரத் தயார்.

450 ரிங்கிட் என்பது அன்று என் அப்பாவுக்கு எத்தனை இரவு வேலை என்று எனக்குத் தெரியும். நான் திறந்து பார்க்காமல் விட்டிருந்தால் அந்தக் கூலியைக் கொஞ்சம் தூசிக்காகக் கொடுத்திருப்பேன். உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் அப்படித்தான் உழைத்துக்கொண்டிருக்கிறார். அடுத்தமுறை கணினி சூடானால், பணப்பையைத் திறக்குமுன் பெட்டியைத் திறந்து பாருங்கள்.